“இது அவர்ர கையில்ல”: ஓர் அண்ணாவியாரைப் படமாக்கியபோது நடந்தவை

காலமான ஒரு கூத்து அண்ணாவியாரின் வாழ்க்கையை நடிகர்களை வைத்துப் படமாக்கினோம். எடிட் முடித்த முதல் பிரதியை அவருடைய வீட்டாருக்குப் போட்டுக் காட்டியது ஒரு ஞாயிறு பின்னேரம். விறாந்தையில் பாய் விரித்து, சுவரில் வெள்ளைச் சீலை கட்டியிருந்தோம். வீட்டு ஆட்களும் ஊர் ஆட்களுமாகப் பதினைந்து இருபது பேர் வந்திருந்தார்கள். படம் 52 நிமிடம். நாற்பதாவது நிமிடத்தில் களரிக் காட்சி வரும், களரி என்றால் கூத்தாடுகிற வட்ட அரங்கு. அதில் மத்தளம் மட்டும் தனியே ஒரு நிமிடத்துக்கு மேல் ஒலிக்கும். படத்திலேயே நாங்கள் அதிகம் மினக்கெட்ட இடம் அதுதான், அந்த இடத்தில் சனம் அப்படியே உறைந்துபோகும் என்றுதான் நினைத்திருந்தோம். சுவரோரம் கதிரையில் ஒரு பெரியவர் இருந்தார். அண்ணாவியாருக்கு முப்பது வருடம் சல்லரி, அதாவது கைத்தாளம், போட்டவர். மத்தளம் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் திறந்தார்.

“நல்லா இருக்கு மனே. ஆனா இது அவர்ர கையில்ல.”

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு படத்தை முடிக்க எங்களுக்கு இன்னும் ஐந்து மாதம் பிடித்தது. அந்த ஐந்து மாதத்தில் எதை மாற்றலாம், எதில் கை வைக்கக்கூடாது என்று நாங்கள் பட்ட பாட்டைத்தான் இங்கே முழுவதுமாக எழுதுகிறேன். தகவல் சேகரிப்பும் திரைக்கதைக்கான குறிப்புகளும் என் பொறுப்பில் இருந்தன. ஆகவே நடந்த பிழைகளில் ஒரு பங்கு எனக்கும் உண்டு, அதையும் மறைக்கப் போவதில்லை.

படத்தில் வருபவர் படுவான்கரையை, அதாவது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையை, சேர்ந்த கூத்து அண்ணாவியார். காலமாகி இருபது வருடம் தாண்டிவிட்டது. பெயரும் ஊரும் எழுதவில்லை, குடும்பம் அப்படிக் கேட்டது, அதோடு இந்தக் கதையில் இன்னொரு குடும்பமும் இருக்கிறது. அண்ணாவியார் என்றால் களரி நடுவில் மத்தளத்தோடு நிற்பவர் என்பது மட்டும்தான் வெளி ஆட்களுக்குத் தெரியும். ஆட்டக்காரரைத் தெரிவுசெய்து சட்டம் (அவரவர் பாகத்துக்கான பாட்டும் வசனமும்) கொடுப்பது, மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக்குவது, சதங்கை அணிவிப்பது, அடுக்குப் பார்ப்பது (அரங்கேற்றத்துக்கு முன் முழுதாக ஆடிப் பார்ப்பது), கடைசியில் அரங்கேற்றுவது, எல்லாம் அவர் பொறுப்பு. அரங்கேற்ற இரவில் தொடங்கினால் விடியும்வரை மத்தளம் உடம்பை விட்டு இறங்காது, வரவுப் பாட்டு எடுத்துக் கொடுப்பதும் பிழை விட்டவனைக் கண்ணாலே திருத்துவதும் அதோடு சேர்த்தி. இசைக்கலைஞர் என்றதும் கச்சேரி மேடையையும் பட்டுச் சால்வையையும் நினைக்கிறவர்கள், இப்படி ஒருவரையும் இசைக்கலைஞர் என்று பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் படத்தையே தொடங்கினோம்.

மாற்றியவற்றில் பெரும்பகுதியை யாரும் ஆட்சேபிக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு வேறு வருடங்களில், வேறு வேறு ஊர்களில் அவர் அரங்கேற்றிய மூன்று கூத்துகளைப் படத்தில் ஒரே இரவாக்கினோம். அவர் மண்முனையில் பாதையில் (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றுகிற மிதவைப் படகில்) ஏறி வாவி கடந்து வருகிற காட்சி ஒன்று உண்டு. அங்கே 2014இல் பாலம் திறந்தாயிற்று, அதனால் அம்பிளாந்துறைப் பக்கம் போய் இப்போது ஓடுகிற பாதையில் எடுத்தோம். அது வேறு துறை என்று அந்த விறாந்தையில் இருந்த எல்லாருக்குமே தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. மனைவியோடு அவர் பேசுகிற பேச்சுகள் பெரும்பாலும் நாங்கள் எழுதியவை. அந்த அம்மாவே, “இப்பிடி நாலு நல்ல வார்த்தை அந்த மனிசன் என்னோட பேசினதில்ல, நீங்களாவது பேச வெச்சீங்களே” என்று சிரித்தார்.

கூத்தே அப்படி மாறி வந்த கலைதான். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில், விடிய விடிய ஆடுகிற கூத்தைச் சுருக்கி, சனம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கிற படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். அவரிடம் ஆடிய சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பில் ‘இராவணேசன்’ கூத்தைத் திரும்பத் திரும்ப மெருகேற்றி மேடையேற்றினார். வட்டக்களரியை விட்டுவிட்டால் கூத்து கூத்தாக இருக்குமா என்ற கேள்வி இன்றைக்கும் இங்கே சூடாகத்தான் இருக்கிறது, மட்டக்களப்புச் சீலாமுனையில் நாடகச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கரோடு நடந்த கூத்து மீளுருவாக்க வேலைகள், மாற்றத்தைப் பல்கலைக்கழகம் செய்வதா அந்த ஊர் ஆட்களே கூடிச் செய்வதா என்ற கேள்வியை நடுவில் தூக்கி வைத்தன. ஆகவே “மாற்றக்கூடாது” என்று இங்கே எந்த அண்ணாவியாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லமாட்டார். யார் மாற்றுகிறார், எதை மாற்றுகிறார், யாரைக் கேட்டு மாற்றுகிறார் என்றுதான் கேட்பார். எங்களிடமும் அதைத்தான் கேட்டார்கள்.

*கொப்பிச் சண்டை*

முதல் சிக்கல் மத்தளத்தில் வரவில்லை, ஒரு கொப்பியில் வந்தது.

கூத்துக் கொப்பி என்பது அந்தக் காலத்தில் சாதாரண பொருள் இல்லை. ஏட்டிலிருந்து பார்த்து எழுதி, பாட்டுக்குப் பாட்டு இதற்கு இந்தத் தாளம் என்று குறித்து வைத்திருப்பார்கள், கண்டவர் கையில் கொடுக்கமாட்டார்கள். எங்கள் அண்ணாவியாரிடம் இருந்த ஒரு தென்மோடிக் (கூத்தின் இரண்டு மோடிகளில் ஒன்று) கொப்பியைப் பக்கத்து ஊர் அண்ணாவியார் கொண்டுபோய்த் திருப்பித் தரவில்லை, அதற்குப் பிறகு இருவரும் பேச்சுவார்த்தை இல்லை என்று ஒரு உறவினர் சொன்னார். நான் அதைக் குறிப்பில் எழுதினேன். இயக்குநருக்கு அது கிடைத்ததும் முகம் மலர்ந்துவிட்டது, கதைக்கு எதிராள் கிடைத்துவிட்டார் என்று. திரைக்கதையில் அந்த மற்ற அண்ணாவியார் இரவில் படலையைத் திறந்து வந்து பெட்டகத்திலிருந்து கொப்பியை எடுக்கிற ஆளாக ஆனார்.

என் பிழை இங்கேதான். அதே விஷயத்தை நான் மூன்று பேரிடம் கேட்டிருந்தேன். ஒருவர் களவு என்றார். இன்னொருவர் இரவலாகக் கொடுத்தது என்றார். மூன்றாமவர், அப்படி ஒரு சண்டையே நடக்கவில்லை, இருவரும் கடைசிவரை மாறி மாறி அரங்கேற்றத்துக்குப் போய் வந்தவர்கள் என்றார். மூன்றையும் எழுதியவள் நான், ஆனால் இயக்குநரிடம் பேசும்போது முதலாவதைத்தான் அழுத்திச் சொன்னேன், ஏனென்றால் அதில்தான் கதை இருந்தது. மற்ற இரண்டும் என் குறிப்புக் கொப்பியின் பின்பக்கத்திலேயே கிடந்தன.

விறாந்தையில் படம் ஓடும்போது அந்தக் காட்சி வந்ததும் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். படத்தில் அவருக்குப் பெயர் வைக்கவில்லை, ஊர் சொல்லவில்லை, மீசையைக்கூட மாற்றியிருந்தோம். என்ன பிரயோசனம்? நம்முடைய அண்ணாவியாரோடு அந்தக் காலத்தில் சரிக்குச் சமன் நின்றவர் யார் என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் பத்து வயதுப் பொடியனுக்கும் தெரியும். அண்ணாவியாரின் மூத்த மகன் பிறகு என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: “தங்கச்சி, அவர்ர மகள் மூணு ஒழுங்கை தள்ளித்தான் இருக்கா. நாளைக்குக் கடையில கண்டா நான் என்ன முகத்தோட கதைக்கிற?”

இந்த இடத்தில் இயக்குநர் ‘அமதேயுஸ்’ படத்தை எடுத்துக்காட்டாகச் சொன்னார். 1984இல் வந்த படம். மோட்சார்ட்டின் சாவுக்குச் சலியேரி என்ற இசையமைப்பாளரின் பொறாமைதான் காரணம் என்பதுபோலக் கதை போகும். அது நடந்த வரலாறு இல்லை, சலியேரி மோட்சார்ட்டைக் கொன்றார் என்பதற்குச் சான்று கிடையாது. அப்படி இருந்தும் எட்டு ஒஸ்கார் வாங்கியது, உலகமே கொண்டாடியது, பிறகு நமக்கு மட்டும் ஏன் கட்டுப்பாடு என்பது அவர் வாதம். நியாயமான கேள்விதான், நான் இரண்டு நாள் யோசித்தேன். யோசித்தபோது எனக்குப் பட்டது இதுதான். மோட்சார்ட் இறந்தது 1791இல், சலியேரி 1825இல். படம் வந்தபோது அந்தக் கதையைக் கேட்டுக் கடைக்குப் போகக் கூசுகிற மகள் யாரும் இல்லை. அவ்வளவு தூரம் இருந்தும் சலியேரிக்கு நடந்த அநியாயம் சிறியது இல்லை. பேத்தோவனுக்கும் ஷூபர்ட்டுக்கும் படிப்பித்தவர் அவர், மோட்சார்ட்டின் இளைய மகனுக்கே படிப்பித்தவர். இன்றைக்கு ஆயிரம் பேரைக் கேட்டால் பொறாமைக்காரன் என்றுதான் சொல்வார்கள். இருநூறு வருடத் தொலைவிலேயே ஒரு படம் ஒரு மனிதரின் பெயரை அப்படிச் செய்யுமென்றால், மூன்று ஒழுங்கைத் தொலைவில் என்ன செய்யும்?

சட்டத்தையும் பார்த்தோம். இலங்கை அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பேச்சுக்கும் வெளிப்பாட்டுக்கும் சுதந்திரம் தருகிறது, 15ஆம் உறுப்புரை இன, மத நல்லிணக்கம், அவதூறு போன்ற காரணங்களுக்காகச் சட்டத்தால் அதை மட்டுப்படுத்தலாம் என்கிறது. பொதுவில் திரையிடும் படத்தைத் தணிக்கைச் சபை பார்க்கும். எங்கள் படத்தில் அவர்கள் வெட்டுவதற்கு எதுவும் இருந்திருக்காது. செத்துப்போன ஒரு அண்ணாவியார் கொப்பி எடுத்தாரா இல்லையா என்று கொழும்பில் யார் கேட்கப் போகிறார்கள்? அதனால்தான் சொல்கிறேன், அதை நாங்கள்தான் கேட்டாக வேண்டியிருந்தது.

மூத்த மகனையும் கூட்டிக்கொண்டு மற்ற அண்ணாவியாரின் மகள் வீட்டுக்குப் போனோம். தேத்தண்ணி தந்தார்கள். என்ன எடுத்திருக்கிறோம் என்று நான் மறைக்காமல் சொன்னேன். அந்த மகள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து அதிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து வைத்தார். கரை எல்லாம் செல்லரித்திருந்தது. மூத்த மகன் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே இது அப்பாவின் எழுத்து என்றார். ஆக, கொப்பி அங்கே போனது உண்மை. கொடுத்ததா எடுத்ததா என்பதை அந்தக் கொப்பி சொல்லவில்லை, அந்த மகளுக்கும் தெரியவில்லை, இவருக்கும் தெரியவில்லை. ஆனால் பக்கங்களின் ஓரத்தில் வேறு மையில், வேறு கையெழுத்தில் தாளக்கட்டுகள் திருத்தப்பட்டிருந்தன. சில இடங்களில் அந்தத் திருத்தத்தை வெட்டி முதல் கையெழுத்தே மறுபடி எழுதியிருந்தது. அதாவது அந்தக் கொப்பி ஒரு தடவையாவது திரும்பி வந்து மீண்டும் போயிருக்கிறது.

படலைக் காட்சியைத் தூக்கினோம். அந்த இடத்தில், இரண்டு அண்ணாவியார்கள் ஒரே கொப்பியை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டுக்கு எந்தத் தாளம் என்று விளக்கு அணையும்வரை வாதாடுகிற காட்சி வந்தது. அந்த வாதத்தில் ஒரு வரிகூட நாங்கள் கேட்டதில்லை, முழுக்க எழுதியதுதான். ஆனால் அந்த ஓரத்து மை எங்கள் கையில் இருந்தது. இப்படிக் கற்பனை செய்வதற்கு எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

*எரித்த மத்தளம்*

1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்கியதும் மட்டக்களப்பு முழுக்கச் சனம் ஊரைவிட்டு ஓடியது எல்லாருக்கும் தெரியும். அண்ணாவியாரின் குடும்பமும் ஓடியது. அந்த வருடத்தில் ஒரு மகனை இழந்தார்கள். அதற்குப் பிறகு நான்கு வருடம் அவர் மத்தளம் அடிக்கவில்லை. இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இயக்குநர் எழுதிய காட்சியில் அவர் வளவில் தீ மூட்டி மத்தளத்தை அதில் போடுவார். கமராவில் பார்த்தால் உலுக்கிவிடும், அதை நான் இப்போதும் ஒத்துக்கொள்கிறேன். அவருடைய வாதமும் வெறும் பரபரப்புக்கானது இல்லை. “நான் செய்தி வாசிக்கவில்லை, நான்கு வருடம் அடிக்காமல் இருந்த ஒருவரின் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று காட்ட வேண்டும், அது வெளியே தெரிகிற காரியம் இல்லை, அதனால் தெரிகிற ஒரு காரியத்தை நான் தரவேண்டியிருக்கிறது” என்றார். படம் எடுக்கிற யாரும் இந்த இடத்தில் முட்டாமல் போகமுடியாது.

விறாந்தையில் அந்தக் காட்சிக்கு அண்ணாவியாரின் மனைவி, அந்த அம்மா, எழும்பிவிட்டார். சத்தம் போடவில்லை. “கால் பட்டாலே மத்தளத்தத் தொட்டுக் கண்ணில ஒத்துற மனிசன். எரிச்சாரெண்டு காட்டினா மறுகா அவர் ஆரு?”

நான் ‘பொஹீமியன் ரப்சொடி’ படத்தை நினைத்துக்கொண்டேன். 2018இல் வந்த, ‘குயின்’ இசைக்குழுவின் பாடகர் பிரெடி மெர்க்குரி பற்றிய படம். அதில் அவர் தமக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை 1985 ஜூலை 13 லைவ் எய்ட் நிகழ்ச்சிக்கு முன்பே அறிந்து, தன் குழுவிடம் சொல்லிவிட்டு மேடையேறுகிறார். உண்மையில் அது தெரியவந்தது 1987இல் என்றுதான் அவரோடு வாழ்ந்தவர் சொல்லியிருக்கிறார். குழு பிரிந்து கிடந்து அந்த நிகழ்ச்சிக்காகச் சேர்ந்ததுபோலவும் படம் காட்டுகிறது, ஆனால் அவர்கள் 1984இல் இசைத்தட்டு வெளியிட்டு 1985 மே வரை ஊர் ஊராகப் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். சில வருடங்களை முன்னே பின்னே தள்ளியதுதானே என்று கேட்கலாம். நாங்களும் மூன்று இரவை ஒன்றாக்கியவர்கள்தானே. எனக்கு இரண்டும் ஒன்றாகப் படவில்லை. மூன்று இரவை ஒன்றாக்கினால் இரவு மட்டும்தான் நீளுகிறது. நோயை முன்னே கொண்டுவந்தால், வருடக்கணக்கான பயிற்சியில் கைவந்த ஒரு பாட்டுக்கு நோய்தான் காரணம் என்று ஆகிவிடுகிறது. கலைஞரின் வேலைக்கு அவர் சொல்லாத ஒரு காரணத்தை நாம் கண்டுபிடித்துக் கொடுக்கிறோம். மத்தளத்தை எரிப்பதும் அதுதான். அவர் மௌனத்துக்கு எங்கள் சௌகரியத்துக்கு ஒரு காரணமும் ஒரு முடிவும் கட்டிக் கொடுப்பது.

சரி, எரிக்கவில்லை என்றால் என்ன செய்தார்? அம்மாவிடம் திரும்பக் கேட்டோம். அதுவரை எங்கள் யாருக்கும் இதைக் கேட்கத் தோன்றவில்லை என்பது வெட்கமான விஷயம். திரும்பி வந்த பிறகு மத்தளத்தைச் சாக்கில் சுற்றி முகட்டில் கட்டி வைத்திருந்தாராம். வெள்ளிக்கிழமைகளில் இறக்கி, சாக்கை அவிழ்த்து, தோலைத் தடவிப் பார்த்து, வார் தளர்ந்திருந்தால் இழுத்துக் கட்டி, மறுபடி சுற்றி முகட்டில் ஏற்றிவிடுவாராம். விரலால் ஒரு தட்டுக்கூடத் தட்டமாட்டார். “ஈரம் புடிச்சிரும் எண்டு சொல்லுவார். வேற ஒண்டும் சொல்லமாட்டார்.”

இயக்குநர் அதைக் கேட்டு எழும்பிப் போய் வளவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். அந்தக் காட்சியை இரண்டு நாளில் எடுத்தோம். பேச்சு இல்லை, பின்னணி இசை இல்லை. வெளியே வயலில் தவளைச் சத்தம் மட்டும்.

*கை*

இப்போது சல்லரிப் பெரியவர் சொன்னதற்கு வருகிறேன். எனக்கு இந்த முழு விஷயத்திலும் முக்கியமானது இதுதான்.

அண்ணாவியாரின் மத்தளம் பதிவாகியிருப்பது மூன்று கசெட்டில் மட்டும். 1980களில் ஓர் அரங்கேற்றத்தில் யாரோ ரெக்கோடரைக் களரி ஓரத்தில் வைத்துப் பிடித்தது. நாய் குரைக்கிறது, பிள்ளை அழுகிறது, ஜெனரேட்டர் ஓடுகிறது, எல்லாவற்றுக்கும் மேலே நாடாவின் இரைச்சல். எங்கள் ஒலிப்பொறுப்பாளர் இரைச்சலைக் கழுவிப் பார்த்தார், கழுவக் கழுவ மத்தளத்தின் அடித்தொனியும் சேர்ந்து போனது. கடைசியில் மிருதங்கம் முறையாகப் படித்த ஒருவரைக் கூப்பிட்டு, அதே தாளக்கட்டுகளை மத்தளத்திலேயே ஸ்டூடியோவில் வாசிக்க வைத்தோம். மிக நன்றாக வாசித்தார், அவர்மேல் எந்தக் குறையும் இல்லை. எங்கள் காதுக்கு அது சுத்தமாகவும் கம்பீரமாகவும் இருந்தது.

பெரியவரிடம் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அவர் சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன். “இது கணக்கப் பாத்து அடிக்கிற கை. அவர் ஆட்டக்காரன்ர காலப் பாத்து அடிப்பார். கால் களைச்சா கை குறுக்கும். கால் துள்ளினா கை இழுத்துக் கொடுக்கும். ரெண்டு மணிக்கு அடிக்கிற அடி வேற, விடியச்சாமம் அடிக்கிற அடி வேற.”

ஸ்டூடியோவில் கால் எங்கே இருந்தது? காதில் ஒரு டிக் டிக் சத்தம் மட்டும்தான் இருந்தது. தாளக்கட்டு ஒன்றும் பிசகவில்லை, ஆனால் களரியில் ஒருவன் ஆடுகிறான் என்ற தகவலே அந்த ஒலியில் இல்லை. அவருடைய ஐம்பது வருட அனுபவம் முழுக்க அந்தத் தகவலில்தான் இருந்தது.

‘அமதேயுஸ்’ பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அதற்கு இசை நடத்தியவர் நெவில் மரினர். மோட்சார்ட் எழுதியதில் ஒரு சுரத்தையும் மாற்றக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவர் ஒப்புக்கொண்டார். வாழ்க்கையில் இத்தனை கற்பனை செய்த படம், இசையில் ஒரு சுரத்தைத் தொடவில்லை. ‘பொஹீமியன் ரப்சொடி’யிலும் லைவ் எய்ட் காட்சியில் கேட்பது அந்த மேடையில் மெர்க்குரி பாடிய பதிவைத்தான், வேறு சில இடங்களில் மார்க் மார்டெல் என்ற பாடகரின் குரலைக் கலந்திருக்கிறார்கள். இசைக்கலைஞரைப் பற்றிய படத்தில் எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று கேட்டால் என் பதில் இந்தப் பக்கம்தான். அவர் சாப்பிட்டதை, பேசியதை, பயணம் போனதை நாம் எழுதலாம். அவர் வாசித்ததை எழுதக்கூடாது. மோட்சார்ட்டுக்குச் சுரம் எழுதிய தாள் இருந்தது, அதனால் மரினரால் நிபந்தனை போட முடிந்தது. அண்ணாவியாருக்குத் தாள் கிடையாது. மூன்று கசெட்டும் ஒரு பெரியவரின் காதும்தான் இருந்தன, அந்தக் காதை நாங்கள் படம் முடிந்த பிறகு கேட்டோம், தொடங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் யாழைப் பற்றி எழுதியபோது அவருக்கு முன்னால் யாழ் இல்லை. வழக்கொழிந்து பல நூற்றாண்டான கருவி. சிலப்பதிகார வரிகளிலிருந்தும் சுருதிக் கணக்கிலிருந்தும் அதன் வடிவத்தையும் இசையையும் கட்டி எழுப்பினார். 1947இல் ‘யாழ் நூல்’ வந்தது, அடுத்த மாதமே அவர் மறைந்தார். அதிலும் ஊகம் உண்டு. ஆனால் எந்த வரியிலிருந்து, எந்தக் கணக்கிலிருந்து அந்த ஊகத்துக்கு வந்தார் என்று அவரே பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார், அதனால்தான் அதைப் படிக்கிறவர் அவரோடு முரண்படவும் முடிகிறது. ஸ்டூடியோ வாசிப்பைக் களரிப் படத்தின் மேல் ஒட்டி, அண்ணாவியார் வாசிப்பதாகவே விட்டபோது நாங்கள் அந்த வாசலை அடைத்துவிட்டோம்.

என்ன செய்தோம் என்றால், கசெட்டிலிருந்து நான்கு நிமிடத்தைக் கழுவாமல் அப்படியே எடுத்தோம், நாயும் ஜெனரேட்டரும் சேர்த்து. அந்த நான்கு நிமிடமும் அண்ணாவியாராக நடித்தவரின் முகத்தையோ கையையோ காட்டவில்லை, களரியைச் சுற்றி இருக்கிற சனத்தின் முகங்களை மட்டும் காட்டினோம். மற்றக் காட்சிகளுக்கு அவரிடம் பழகிய ஒருவரைத் தேடிப் பிடித்தோம், இப்போது வயல் செய்கிறார். ஸ்டூடியோவுக்குக் கூப்பிடவில்லை. ஊரில் களரி கட்டி, இரண்டு ஆட்டக்காரரை உடுப்போடு ஆடவிட்டு, இரவு பத்து மணிக்குத் தொடங்கி அதிகாலை நான்கு வரை பதிவு செய்தோம். செலவு கூடியது. கடன் வாங்கினோம். படத்தில் வருவது அந்த இரவின் மூன்றாம் சாமத்து அடி.

பெரியவரிடம் மறுபடி கொண்டுபோய்ப் போட்டோம். கசெட் வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை, விரல் மட்டும் முழங்காலில் சல்லரி போட்டது. மாணவரின் வாசிப்பு வந்ததும், “இதும் அவர்ர கையில்ல. ஆனா அவர் பழக்கின கை. இருக்கட்டும்” என்றார்.

எழுத்தோட்டத்தில் மத்தளம் யார் எங்கே வாசித்தது என்று பிரித்துப் போட்டோம். கொப்பி வாதக் காட்சி எங்கள் கற்பனை, மூன்று அரங்கேற்றங்கள் ஓரிரவாகச் சுருக்கப்பட்டுள்ளன என்று இரண்டு வரி சேர்க்க வேண்டும் என்று நான் நின்றேன். படம் தந்த மயக்கம் கலைந்துவிடும் என்று இயக்குநர் கடைசிவரை விரும்பவில்லை, பிறகு சம்மதித்தார். இதில் நான் அவருக்கு விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.

*வளவில் திரையிட்டபோது*

கோயில் வளவில் திரையிட்டோம். இரண்டு குடும்பமும் வந்தது. மற்ற அண்ணாவியாரின் மகள் முடிந்ததும் வந்து, அந்த நடிகர் அப்பாவை விட உயரம் என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் எதிர்பார்க்காத இடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. ஒரு இளைஞர் எழும்பி, “கசெட்டில் பிற்பாட்டுப் பாடுகிறவர்களில் ஒருவர் எங்கள் அப்பப்பா. மத்தளம் யார் என்று எழுதியிருக்கிறீர்கள், பாட்டு யார் என்று எழுதவில்லை” என்றார். யாரிடமும் பதில் இல்லை. நாங்கள் அனுமதி வாங்கியது அண்ணாவியாரின் குடும்பத்திடம் மட்டும். அந்த நான்கு நிமிடத்தில் மத்தளத்துக்குச் சமமாகக் கேட்பது பிற்பாட்டுதான், ஐந்து மாதம் ஒரு கைக்காக அலைந்த எங்கள் ஒருவருக்கும் அந்தக் குரல்களுக்கு ஆட்கள் இருந்தார்கள் என்று உறைக்கவில்லை.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை அப்போதுதான் ஒழுங்காக வாசித்தேன். ஆற்றுகைக் கலைஞருக்கு, அதாவது பாடியவருக்கும் வாசித்தவருக்கும், அந்த ஆற்றுகையின் மேல் உரிமை உண்டு, அது 50 வருடம். அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் கலை வெளிப்பாடுகளைப் பற்றியது, அப்படி ஒன்றைப் பொதுவில் கொண்டுபோகும்போது அது எந்தச் சமூகத்திலிருந்து, எந்த இடத்திலிருந்து பெறப்பட்டது என்று குறிப்பிடவேண்டும் என்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம் என்ற குடும்பத்தின் வேண்டுகோளும் இந்தப் பிரிவும் ஒன்றோடொன்று முட்டின. திரும்பப் போய்ப் பேசினோம். படத்தின் எழுத்தோட்டத்தில் ஊர்ப் பெயர் வரலாம், வெளியே நாங்கள் எழுதுவதிலும் பேசுவதிலும் வேண்டாம் என்று மூத்த மகன் சொன்னார். இந்தக் கட்டுரையில் அது இல்லாததற்கும் அதுதான் காரணம்.

கசெட்டில் நான்கு பிற்பாட்டுக் குரல்கள் கேட்கின்றன. மூவரின் குடும்பங்களைக் கண்டுபிடித்துக் கையெழுத்து வாங்கிவிட்டோம், பெயர்களைப் புதிய பிரதியில் சேர்த்தாயிற்று. நாலாவது ஆள் மற்றவர்களை விடச் சின்னக் குரல், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் குரல்போல இருக்கிறது. வருகிற கிழமை சல்லரிப் பெரியவரிடம் கசெட்டைத் திரும்பவும் கொண்டுபோகிறோம்.